யார் பேரில் எழுதுவது

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த நூலகத்தின் மாடியில் பிள்ளைகள் கூடுவார்கள். வீட்டில் யாரையாவது சாவுக்குப் பறிகொடுத்த பிள்ளைகள். ஐந்து வயதிலிருந்து பதினான்கு வரை, மொத்தம் பன்னிரண்டு பேர். தரையில் பாய் விரித்திருக்கும். ஒரு மூலையில் கிழிப்பதற்கென்றே பழைய செய்தித்தாள் கட்டுகள் அடுக்கியிருக்கும். பின்சுவரில் ஒரு பெரிய பிளாஸ்டிக் விரிப்பை மாட்டியிருந்தார்கள். காகிதத்தை வாளித் தண்ணீரில் நனைத்து, உருட்டி, அதன்மேல் எறியலாம். யாரைத் திட்டிக்கொண்டு வேண்டுமானாலும் எறியலாம். கடவுள், டாக்டர், செத்துப்போன ஆள், யாருக்கும் விலக்கு கிடையாது.

அந்த அறையை நடத்தியவளைப் பிள்ளைகள் மிஸ் என்று கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம். அவள் டீச்சருக்குப் படித்தவள் அல்ல. நாலு வருஷத்துக்கு முன்னால், ஒன்பது வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு இதே மாடிப்படி ஏறி வந்தவள். புருஷன் மின்சார அலுவலகத்தில் லைன்மேன். கம்பத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்தபோது லைனில் மின்சாரம் பாய்ந்து செத்துப்போனான். ஆறடி இரண்டங்குல ஆள். கூட வேலை பார்த்தவர்கள் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனைக் கீழே இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

இரண்டு வருஷம் பெற்றோர் அறையில் உட்கார்ந்து அழுதவளை, இந்த இடத்தை நடத்தும் நர்ஸம்மா பிள்ளைகள் அறைப்பக்கம் இழுத்துப் போட்டாள். "நீ அழுதது போதும். அழறதுல நீ இப்போ எக்ஸ்பர்ட். வந்து மத்தவங்களுக்கு உதவி பண்ணு" என்றாள். மிஸ் கற்றுக்கொண்டாள். வேலை பிடித்தும்போனது.

அறைக்கு இரண்டே விதிகள். பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது. அம்மா தூங்குகிறாள், அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்றெல்லாம் பூசி மெழுகக் கூடாது. செத்துப்போயிட்டாங்க என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது, பிள்ளை நம்பிச் சொன்னதை ஊருக்குச் சொல்லக் கூடாது.

மிஸ்ஸின் வீட்டு அலமாரியில், துணிகளுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று பக்க அறிக்கை இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: 'மின்சாரத்தை நிறுத்தச் சொல்லாமலேயே கம்பத்தில் ஏறியுள்ளார். காரணம்: இறந்தவரின் கவனக்குறைவு.'

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். கீழே ஏணி பிடித்துக்கொண்டு நின்ற ஆள் சாவு வீட்டில் அவள் காதோடு சொல்லியிருந்தான். "போன் பண்ணிட்டுத்தான் ஏறினான் தங்கச்சி. நிறுத்தியாச்சு, ஏறுன்னு பதில் வந்தது. நான் என் காதால கேட்டேன்." விசாரணையன்று அதே ஆள் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டான். அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. சுவிட்ச் அறையில், வரும் போன்களைக் குறித்து வைக்கும் நோட்டில் அந்தத் தேதிக்கான பக்கமே இல்லை.

அந்த ஒரு வரி எங்கெங்கோ பயணம் செய்து மகனின் வகுப்பறைவரை வந்தது. "உங்கப்பா மடத்தனமா கரெண்டைத் தொட்டுச் செத்தாராமே" என்று ஒரு பையன் கேட்டான். மகன் அவனுடைய முன்பல்லை உடைத்தான். ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கு வரக் கூடாது என்றார்கள். அந்த ஒரு வாரமும் மகன் வாயே திறக்கவில்லை. கடைசி நாள் சாப்பிடும்போது மட்டும் கேட்டான். "அப்பா நெஜமாவே மறந்துட்டாராம்மா?"

அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்த பாதுகாப்பு அதிகாரியை அவள் பார்த்ததே இல்லை. ஆள் அவள் வீட்டுப்பக்கம் வரவேயில்லை. கையெழுத்து மட்டும் மனப்பாடம். கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கி, வளைந்து, முழுப்பெயருக்கும் அடிக்கோடாக ஓடும்.

அந்தக் கையெழுத்து ஒரு சனிக்கிழமை காலையில் அவள் மேசைக்கு வந்தது.

சேர்க்கைப் படிவத்தை நீட்டியவன் நாற்பதைத் தாண்டியவன். இஸ்திரி போடாத சட்டை. ஒரு பக்கம் பத்து வயதுப் பெண், இன்னொரு பக்கம் ஐந்து வயதுப் பையன். மனைவி இறந்து இரண்டு மாதம். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. தொழில் என்ற இடத்தில் மின்சார அலுவலகம் என்று எழுதியிருந்தான். கீழே அந்த வால்.

 மிஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் சரியா எழுதியிருக்கேனா மேடம்?"

"சரியாத்தான் சார் இருக்கு. நீங்க எழுதினதாச்சே."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் பெற்றோர் அறைக்குப் போனான்.

தெரிந்த குடும்பம் வந்தால் நர்ஸம்மாவிடம் சொல்லி வேறு நாள் கூட்டத்துக்கு மாற்றிவிட வேண்டும். புதன்கிழமைக் கூட்டத்தில் இடம் இருந்தது. மிஸ் சொல்லவில்லை. அவன் அழுவதைக் கொஞ்ச நாள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகளை நர்ஸம்மா பார்த்துக்கொள்ள, மிஸ் பெற்றோர் அறைக்கு வருவாள். வட்டமாக நாற்காலிகள், நடுவில் ஒரு டீ பிளாஸ்க். சின்ன மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டுப் பெரிய மகளை அழைத்துவரும் ஒரு பஸ் கண்டக்டர் அம்மா, மனைவியை இழந்த ஒரு முடிதிருத்துபவர், இன்னும் மூன்று பேர். யாரையும் துருவிக் கேட்பது வழக்கமில்லை. தானாக வருவது வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். இந்த ஆளை மட்டும் மிஸ் துருவினாள்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது சார்?"

"போன் வந்தது."

"யார் பண்ணாங்க?"

"பொண்ணு. நான் மீட்டிங்ல இருந்தேன். போனைச் சத்தம் இல்லாம வெச்சிருந்தேன்."

"எத்தனை தடவை பண்ணியிருந்தா?"

அவன் கையிலிருந்த டீ டம்ளரைப் பார்த்தான். "பதினொண்ணு."

"பதினொண்ணு" என்று மிஸ் திருப்பிச் சொன்னாள். மற்றவர்களும் கேட்கட்டும் என்று நிறுத்தி நிதானமாகவே சொன்னாள். அவன் முகத்தை மூடிக்கொண்டான். அன்று மத்தியானம் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு உப்பும் காரமும் நாக்கில் பிடித்தது.

அடுத்த வாரமும் அதையே கேட்டாள். அதற்கடுத்த வாரம் மீட்டிங் எதைப் பற்றி என்று கேட்டாள். கண்டக்டரம்மாவுக்கே பொறுக்கவில்லை. "மிஸ்ஸு, அந்த ஆளைக் கொஞ்சம் இறக்கி விடேன். ஸ்டாப்பிங் தாண்டிப் போய்ட்டே இருக்கே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்க முயன்றான். மிஸ் சிரிக்கவில்லை.

பிள்ளைகள்தான் தொந்தரவாக இருந்தார்கள். அவன் பிள்ளைகள் அவனைப் போல இருப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தாள். சின்னவன் வந்த நிமிஷத்திலிருந்து ஈர உருண்டையை வீசினான். விரிப்பில் விழுந்ததைவிட மற்றவர்கள் தலையில் விழுந்ததுதான் அதிகம். பெரியவள் ஒன்றைக்கூட எறியவில்லை. கிழிப்பதற்கு வைத்திருந்த காகிதங்களை மடிப்பெடுத்து அடுக்கினாள். தம்பிக்கு மூக்குத் துடைத்துவிட்டாள். முடிந்ததும் பாய்களைச் சுருட்டினாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். இந்த மாதிரிப் பிள்ளைதான் கவலைப்பட வேண்டிய பிள்ளை என்று மிஸ்ஸுக்கு அனுபவத்தில் தெரியும். அவளைப் பார்க்கும்போதெல்லாம் தன் மகன் வாய் திறக்காமல் இருந்த அந்த வாரம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த நினைப்பே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஆறாவது வாரம் எல்லோரும் கிளம்பும்போது பெரியவள் பின்தங்கினாள். நாலாக மடித்த ஒரு தாளை நீட்டினாள்.

"இது சரியா இருக்கான்னு பார்க்கறீங்களா மிஸ்? ஆனா யாருக்கும் காட்டக் கூடாது."

"காட்ட மாட்டேன்."

"அப்பாவுக்குக் கூட."

"யாருக்கும் காட்ட மாட்டேன்."

ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தாள்.

'விபத்து அறிக்கை. இடம்: சமையலறை. நேரம்: மாலை 5.20. இறந்தவர்: அம்மா. நடந்தது: தலை வலிக்கிறது, தண்ணீர் கொண்டு வா என்று சொன்னார். மகள் டிவி பார்த்துக்கொண்டு, இரும்மா வரேன் என்றாள். நான்கு நிமிடம் கழித்துப் போனாள். காரணம்: மகளின் கவனக்குறைவு.'

கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள். அப்பாவைப் போலவே கடைசி எழுத்துக்கு வால் வைத்து, அடியில் கோடாக இழுத்திருந்தாள்.

மிஸ் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "அம்மாவுக்குத் தலைக்குள்ள ரத்தக் குழாய் வெடிச்சது கண்ணு. நீ தண்ணி கொண்டு போயிருந்தாலும் வெடிச்சிருக்கும். டாக்டரே பக்கத்துல நின்னுட்டிருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாது. உன் தப்பு ஒரு துளிகூட இல்ல."

"அப்போ யார் பேர்ல எழுதறது?"

"யார் பேர்லயும் எழுத வேண்டாம்."

பெரியவள் அவளைப் பாவமாகப் பார்த்தாள், ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல. "அப்படி விட முடியாது மிஸ். யார் பேராவது எழுதாம பைலை மூட முடியாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு."

அன்றே நர்ஸம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். பெண்ணின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு, அப்பாவைத் தனியாக அழைத்து, மூன்று பேருமாக உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். இதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு மிஸ்ஸுக்குத் தெரியும். அவள் அந்தத் தாளைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பஸ்ஸில் போகும்போது இரண்டு தடவை பைக்குள் கைவிட்டு, இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு வாரம் காத்திருந்தாள். பாத்திரம் துலக்கும்போதும் துணி காயப்போடும்போதும், எதை முதலில் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மகன், "யார்கிட்டம்மா பேசறே?" என்று கேட்டான். "யார்கிட்டயும் இல்ல" என்றாள்.

ஏழாவது சனிக்கிழமை. டீ ஊற்றி முடித்ததும் மிஸ் தன் நாற்காலியை வட்டத்துக்குள் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லாரும் உங்க கதையைச் சொன்னீங்க. இன்னைக்கு நான் சொல்றேன். என் வீட்டுக்காரர் லைன்மேன். கம்பத்துல ஷாக் அடிச்சுச் செத்தார். அலுவலகத்துல விசாரிச்சு ஒரு அறிக்கை குடுத்தாங்க. ஒரே ஒரு வரி படிக்கறேன்." படித்தாள். "இந்த வரிய எங்க பையன் ஒன்பது வயசுல தலைல தூக்கி வெச்சுக்கிட்டான். இன்னும் இறக்கல. போன் பண்ணிட்டுத்தான் அவர் ஏறினார். அது இதை எழுதினவருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டவர் இப்போ இந்த ரூம்லதான் டீ குடிச்சிட்டிருக்கார்."

முடிதிருத்துபவர் தன்னையறியாமல் டம்ளரைக் கீழே வைத்தார். அதிகாரியின் முகம் மாவுபோல வெளுத்தது.

"இன்னொரு அறிக்கை இருக்கு" என்று அவள் பையிலிருந்து இரண்டாவது தாளை எடுத்தாள். ஸ்கேல் கோடுகள் வெளிச்சத்தில் தெரிந்தன. மகளின் கையெழுத்தை அடையாளம் கண்டு அவன் பாதி எழுந்துவிட்டான். அவள் நிறுத்தவில்லை. இடம், நேரம், இறந்தவர், நடந்தது. ஒவ்வொன்றாகப் படித்தாள். 'காரணம்' என்ற இடத்துக்கு வந்தபோது கண்டக்டரம்மா, "ஐயோ, போதும் மிஸ்ஸு! அது கொழந்தை எழுதினது" என்று கத்தினாள். அதையும் தாண்டிப் படித்து முடித்தாள்.

அவன் மறுபடி உட்கார்ந்தான். பிறகு கேட்டான்.

"இதை எப்போ எழுதினா?"

"போன சனிக்கிழமை குடுத்தா."

"ஒரு வாரமா கைல வெச்சிருந்தீங்களா?"

"இதை" என்று முதல் அறிக்கையைத் தூக்கிக் காட்டினாள். "நாலு வருஷமா வெச்சிருக்கேன் சார்."

அவன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். சின்னவன் ஒரு காலில் மட்டும்தான் செருப்பு போட்டிருந்தான்.

மிஸ்ஸின் உடம்பு முழுவதும் சூடாக இருந்தது. நல்ல சூடு. அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால், இன்னொரு தடவை படிக்கச் சொன்னாலும் படிப்பேன் என்றுதான் சொல்லியிருப்பாள்.

நர்ஸம்மா எல்லோரும் போகும்வரை காத்திருந்தாள். அவள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அன்று பார்க்க மிஸ் மட்டும்தான் இருந்தாள்.

"அந்த ஆளை அடிக்கணும்னு இருந்தா செருப்பைக் கழட்டி அடிச்சிருக்கலாமே. நானே அவனைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பேன். ஒரு கொழந்தை நம்பிக் குடுத்த காகிதத்தால அடிச்சிருக்கியே. உனக்கு வேற எதுவும் கெடைக்கலையா?"

"கெடைக்கல" என்றாள் மிஸ். "நாலு வருஷமா தேடினேன். கெடைக்கல."

நர்ஸம்மா கையை நீட்டினாள். மிஸ் மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, கதவு தட்டும் சத்தம். மகன்தான் திறந்தான். பதிமூன்று வயதில் அவனுக்கும் அப்பாவின் உயரம் வர ஆரம்பித்திருந்தது. வாசலில் நின்ற ஆள் அவனை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அம்மா இருக்காங்களாப்பா?" என்றான்.

மிஸ் வந்து கதவு நிலையில் நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

அவன் ஒரு உறையை நீட்டினான். "சுவிட்ச் ரூம் நோட்டுல அந்தத் தேதிப் பக்கத்தோட நகல். பெரிய என்ஜினியர் அதைக் கிழிக்கச் சொன்னார். கிழிக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு நகல் எடுத்து வெச்சேன். நாளைக்குப் பழி என் மேல வந்தா காட்டறதுக்கு. நான் நல்லவன்னு சொல்ல வரல."

"தெரியும்."

"ஒரு தொழிற்சாலைல இருந்து அவருக்கு நெருக்கிப் போன் வந்தது. லைன்ல ஆள் இருக்கான்னு கேக்காமலே கரெண்டைப் போடச் சொன்னார். போன திங்கக்கிழமை எல்லாத்தையும் மேலிடத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

"நாலு வருஷமா எழுதாததை இப்போ ஏன் எழுதினீங்க?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "பொண்ணுகிட்ட உன் தப்பு இல்லம்மான்னு சொன்னேன். நூறு தடவை சொன்னேன். நம்பல. கண்டக்டர் பொண்ணு அவகிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கா. 'நீங்க பொய்யா எழுதுவீங்களாமே, அப்போ இதுவும் பொய்யா இருக்கும்'னு சொல்றா. சாப்பிட மாட்டேங்கறா. முதல் பொய்ய மாத்தி எழுதாம இந்த நெசத்தை அவ நம்ப மாட்டா போலிருக்கு. வேற வழி தெரியல."

மகன் இடையில் வந்தான். "எங்கப்பா போன் பண்ணாரா?"

"பண்ணாருப்பா. பத்து நாப்பத்திரெண்டுக்கு. 'நிறுத்தியாச்சு, ஏறலாம்'னு பதில் சொன்னதா அதுலயே எழுதியிருக்கு."

மகன் உறையைப் பிடுங்காத குறையாக வாங்கினான். தாளைப் பிரித்து, விரலால் வரி வரியாக இறங்கி, அந்த இடத்தில் நின்றான். பிறகு உள்ளே போய்விட்டான். உள்ளே நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது. விழுந்ததா, அவன் எட்டி உதைத்தானா என்று தெரியவில்லை.

அதிகாரி மிஸ் பக்கம் திரும்பினான். "உங்ககிட்ட மன்னிப்பு..."

"கேக்காதீங்க" என்று மிஸ் வெட்டினாள். "கேட்டா நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்குக் குடுக்கறதுக்கு எங்கிட்ட மன்னிப்பு இல்ல. தேடிப் பார்த்து எடுத்துக் குடுக்கற எண்ணமும் இல்ல. போங்க."

அவன் தலையாட்டினான். இரண்டு படி இறங்கியவன் திரும்பினான். "பொண்ணு உங்களைப் பார்க்கணுமாம். நான் வேண்டாம்னு சொன்னேன். கேக்க மாட்டேங்கறா."

நர்ஸம்மா அதற்கு ஒரு நேரம் ஒதுக்கினாள். செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும், நூலக மாடியில். நர்ஸம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ பின்னிக்கொண்டிருந்தாள். காது மட்டும் இந்தப் பக்கம்தான் இருந்தது. பெரியவள் சீருடையோடு வந்தாள். முகம் சிறுத்திருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"யாருக்கும் காட்ட மாட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"எல்லார் முன்னாடியும் படிச்சீங்க."

"ஆமா. படிச்சேன்."

"ஏன்?"

மிஸ்ஸுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தன. உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லலாம். உங்கப்பாவுக்குத் தெரிய வேண்டுமே என்று சொல்லலாம். இரண்டும் பாதி உண்மைபோலக்கூட ஒலிக்கும்.

"உங்கப்பா மேல எனக்குக் கோபம். அவருக்கு வலிக்கணும்னு நெனச்சேன். உன் பேப்பரைப் படிச்சா ரொம்ப வலிக்கும்னு தெரியும். அதனால படிச்சேன்."

"எனக்கு வலிக்கும்னு தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன்."

ஜன்னலோரம் ஊசிகள் நின்றன.  பெரியவள் பள்ளிப் பையைக் கழற்றி, ஒரு தாளையும் ஸ்கேலையும் பேனாவையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"எழுதிக் குடுங்க."

மிஸ் கோடு போட்டாள். இடம்: நூலக மாடி, பெற்றோர் அறை. நேரம்: காலை 11.20. நடந்தது: ஒரு பிள்ளை யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லிக் கொடுத்த தாளை எல்லோர் முன்னாலும் படித்தது. 'காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"கவனக்குறைவுன்னு எழுதாதீங்க" என்றாள் பெரியவள். "நீங்க கவனமாத்தான் பண்ணீங்க."

மிஸ் எழுதினாள். 'காரணம்: மிஸ் பழிவாங்க நினைத்தது.' கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினாள். பெரியவள் வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாள். மடித்துப் பையில் வைத்தாள்.

"உங்களை மன்னிச்சிட்டேன்னு இல்ல மிஸ்."

"வேண்டாம். மன்னிக்க வேண்டாம்."

"அப்பா இப்போ எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாரு. அவரு மாத்தி எழுதினதையும் காட்டினாரு." அவள் குரல் முதல் தடவையாக ஆடியது. "எங்கம்மாவுக்கு நெஜமாவே தண்ணி குடுத்திருந்தாலும்..."

"குடுத்திருந்தாலும் செத்துத்தான் போயிருப்பாங்க கண்ணு. நெஜமா."

பெரியவள் அவளிடம் அழவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய் நர்ஸம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். நாலு மாதத்து அழுகை. நூல் உருண்டை உருண்டு மேசைக்கு அடியில் போனது. மிஸ் எழுந்து படியிறங்கினாள். அந்தப் பிள்ளையைத் தொட்டுச் சமாதானம் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நாலு வருஷத்தில் அவள் தன்னை நினைத்து வெட்கப்பட்டது அந்தப் படிக்கட்டில்தான். தெருவுக்கு வரும்வரை கைப்பிடியை விடவில்லை.

புது விசாரணை ஐந்து மாதம் நடந்தது. ஏணி பிடித்த ஆளும் இந்தத் தடவை வாயைத் திறந்தான். பெரிய என்ஜினியரை வேலையிலிருந்து நிறுத்தி வழக்குப் போட்டார்கள். உண்மையைத் தானாக வந்து சொன்னதால் பாதுகாப்பு அதிகாரிக்கு வேலை போகவில்லை. பதவி போனது. ஊர்க்கோடியில் இருந்த ஸ்டோருக்குச் சாதாரண எழுத்தராக அனுப்பினார்கள். லைன்மேனின் சாவுக்குக் காரணம், ஆள் கம்பத்தில் இருக்கும்போது கேட்காமல் மின்சாரம் கொடுத்ததே என்று திருத்திய உத்தரவு வீட்டுக்கு வந்தது.

மகன் அதை நின்றுகொண்டே படித்தான்.

"அந்த ஆளுக்கு என்ன ஆச்சு?"

"பதவி எறங்கிப் போச்சு. ஸ்டோர்ல போட்டிருக்காங்க."

"நல்லா வேணும்."

பிள்ளைகளின் கோபத்தைப் பக்குவமாகக் கையாளத் தெரிந்தவள் அவள். இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று நாலு வாக்கியம் கைவசம் இருந்தது.

"ஆமாடா. நல்லா வேணும்" என்றாள்.

மகன் உத்தரவை மடித்துப் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டான். யாரிடமும் காட்டவில்லை. காட்ட வேண்டிய பையன் போன வருஷமே வேறு பள்ளிக்குப் போய்விட்டான். ஆனால் அந்த வாரம் முதல் அவன் வீட்டில் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அப்பா எத்தனை சைஸ் செருப்பு போடுவார், குளிக்கும்போது என்ன பாட்டுப் பாடுவார், கோபம் வந்தால் எப்படித் திட்டுவார் என்று கேட்டான். நாலு வருஷமாகப் புருஷனைப் பற்றி வீட்டில் பேசவே முடியாமல் இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நர்ஸம்மா சாவியைத் திருப்பித் தரவில்லை. "ஒரு வருஷம் போகட்டும். பிறகு பார்க்கலாம். பார்க்காமலும் போகலாம்" என்றாள். மிஸ்ஸுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். புதிதாகச் சாவு விழுந்த வீடுகளிலிருந்து வரும் போன்களை எடுப்பது வேலை. பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது, சாவு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா, என்ன கேட்டா என்ன சொல்றது என்று கேட்பார்கள். நெஜத்தைச் சொல்லுங்க, சின்னச் சின்ன வார்த்தையில சொல்லுங்க என்று அவள் பொறுமையாகச் சொல்வாள். பெரியவளும் சின்னவனும் சனிக்கிழமைகளில் அவளைத் தாண்டித்தான் மாடிக்குப் போவார்கள். சின்னவன் கையசைப்பான். பெரியவள் நேராகப் பார்த்துக்கொண்டே போவாள். மேலே இப்போது அவளும் எறிகிறாள், நல்ல குறி என்று நர்ஸம்மா ஒருநாள் போகிற போக்கில் சொன்னாள்.

ஒரு நாள் மத்தியானம் மிஸ் பஸ் ஏறி ஊர்க்கோடிக்குப் போனாள். ஸ்டோருக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. அங்கே நின்று பார்த்தாள். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருந்தான். வெளியே லைன்மேன்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவனுக்கும் ரப்பர் கையுறையை எடுத்து, ஊதிப் பார்த்து, ஓட்டை இல்லை என்று காட்டி ஜன்னல் வழியாகக் கொடுத்தான். ஒரு பொடியன், "சீக்கிரம் குடுய்யா, இங்க என்ன பொண்ணா பார்க்கறே" என்று அதட்டினான். அவன் அடுத்ததை எடுத்து ஊதினான்.

மிஸ் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அவளுக்குத் திருப்தியாக இருந்தது. அதை யாரிடமும் மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. வீட்டுக்குப் போய் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பொடியனைப் போலவே பேசிக் காட்டினாள்.

அடுத்த மாதம் இன்னொரு தடவை போனாள். அது தேவையே இல்லாதது. இருந்தாலும் போனாள்.